பதினேழாம் எண் மரம்

இலையைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்பவர்களை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்து வந்தேன். கைக்கெட்டும் உயரத்தில் இலை இருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எண்பதடிக்கு மேலே இலையை வைத்துக்கொண்டு பாதி நாள் மேகத்துக்குள் நிற்கிற மரத்தை எப்படிச் சொல்வது? தூரத்திலிருந்து அது நிற்கிற தோரணையைப் பார்க்க வேண்டும். கிட்டே போனால் பட்டை. கிளை கையில் கிடைத்தால் மொட்டு. பூமொட்டைச் சொல்லவில்லை, அடுத்த இலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளை நுனியில் உட்கார்ந்திருக்குமே, அந்த மொட்டு. கொடைக்கானலில் இருபத்தாறு வருடம் உயிரியல் டீச்சராக இருந்து பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பிள்ளைகளின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, பட்டையைத் தடவ வைத்துப் பெயர் கேட்பேன். பைன் மரம் உள்ளங்கையில் ஓடு ஓடாக வரும். யூகலிப்டஸ் வழுவழுவென்று குளிர்ந்து கிடக்கும், காலடியில் உரிந்த நாடாக்கள் சரசரக்கும். காட்டுப்பூவரசின் பட்டை, காய்ந்த வண்டல் மாதிரி வெடித்திருக்கும். செத்த மரத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி சொல்லியிருந்தேன். "நகத்தால சுண்டுவிரல் அளவு கீறிப் பாருங்க. உள்ளே பச்சையா, ஈரமா இருந்தா உயிரோட இருக்கு. அவ்வளவுதான், இதுக்கு மைக்ராஸ்கோப் வேணாம்." இந்த வாக்கியத்தை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு நாள் மட்டும் என் நகம் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

அந்த வருடம் காற்றுக் காலத்தில் மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்து காரை நசுக்கியது. ஆளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஊர் பயந்துவிட்டது. சாலையோரத்துப் பட்டுப்போன மரங்களைக் கணக்கெடுத்து வெட்டுவது என்று முடிவானது. சாலை வேலையைப் பார்க்கும் இளம் இன்ஜினியர் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். "மேடம், எங்களுக்கு எல்லா மரமும் ஒண்ணுதான். நீங்க வந்து எது செத்தது, எது உயிரோட இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா போதும்." எனக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. ஊரே என்னைக் கேட்டு நடக்கிறது என்ற நினைப்பு அந்த வயதில் தேனாக இனித்தது. லென்ஸ், டேப், நோட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

தை மாதக் கடைசி. பெருமாள்மலையிலிருந்து பழனி சாலையில் இறங்கிக்கொண்டே போனோம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண். இன்ஜினியர் சிவப்புப் பெயிண்டில் எழுதுவார், நான் நோட்டில் குறிப்பேன். முதல் பத்து மரங்களை அக்கறையாகத்தான் பார்த்தேன். கீறினேன், தட்டினேன், லென்ஸை வைத்தேன். பிறகு தூறல் பிடித்தது. முழங்கால் வலித்தது. மதியச் சாப்பாடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பதினேழாம் மரத்துக்கு வந்தபோது மணி மூன்றாகிவிட்டது.

ஒரு வளைவில், சாலைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது அந்த மரம். மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதன் அடியில், மரத்தையே பின்சுவராக வைத்துக் கட்டிய ஒரு டீக்கடை. மேலே பார்த்தேன். ஒரு இலை இல்லை. உச்சிக் கிளைகள் விரல் விரலாக வானத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. ஜீப்பை விட்டு இறங்கும் முன்பே என் மனம் எழுதிவிட்டது, பட்ட மரம்.

நான் மேல்மலைக்காரி. பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்து, கொடைக்கானலிலேயே படித்து, கொடைக்கானலிலேயே வேலை பார்த்தவள். எங்கள் மேல்மலையில் பெரிய மரம் எதுவும் இலையைக் கொட்டிவிட்டு நிற்காது. சோலை மரமோ, வெளியிலிருந்து வந்த பைனோ, வாட்டிலோ, எல்லாம் பன்னிரண்டு மாதமும் பச்சை. பெரிய மரம் ஒன்று மொட்டையாக நின்றால் அது செத்துவிட்டது என்று எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவர்கூடச் சொல்லிவிடுவார், அது அங்கே சரியாகவும் இருக்கும். பெருமாள்மலைக்குக் கீழே வந்துவிட்டால் மரங்கள் வேறு, அவற்றின் வழக்கம் வேறு. புத்தகத்தில் இது எனக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், என் வீட்டு வாசலிலேயே ஒரு பேரிக்காய் மரம் ஒவ்வொரு மார்கழியிலும் மொட்டையாகி, வெயில் வந்ததும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. பழத்தோட்டத்துக் குட்டை மரத்தை யார் மரமென்று கணக்கில் சேர்க்கிறார்கள்?

கடைக்கார அக்கா அடுப்பை விட்டு வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். கீழ்மலையில் ஆடலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், புருஷன் போன பிறகு தனியாகக் கடை நடத்துகிறவர் என்று இன்ஜினியர் ஜீப்பிலேயே சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொன்னார். அந்த வளைவை அகலப்படுத்த இரண்டு முறை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். உயிருள்ள மரம் குறுக்கே நின்றதால் வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. மரத்தை ஒட்டிச் சாலை வளைந்து போனதால் கடையும் தப்பித்தது.

பெயிண்ட் டப்பாவைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"டீச்சர், அது செத்த மரம் இல்லைங்க. வருசா வருசம் தை பொறந்தா இலையக் கொட்டிப்புட்டு இப்படித்தான் மொட்டையா நிக்கும். மாசிக் கடைசியில வந்து பாருங்க, செவசெவன்னு துளுத்துக் கெடக்கும்."

"அக்கா, நான் இருபத்தாறு வருசமா மரம் பாக்குறேன்" என்றேன்.

"நான் இருபத்தெட்டு வருசமா இந்த ஒத்த மரத்தத்தாங்க பாக்குறேன்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பில்லை, யாருக்கும் வரக்கூடிய சிரிப்புதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. என் மூக்கின் மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கிற கோபம் எழுந்து நின்றுகொண்டது. இந்த அம்மாள் கடையைக் காப்பாற்றப் பேசுகிறார், மரத்தைப் பற்றிப் பேசவில்லை என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். கடையைக் காப்பாற்ற வேண்டிய ஒருவர் உண்மையும் பேசலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

மரத்தைச் சுற்றி வந்தேன், சுற்றி வந்ததாகப் பேர் பண்ணினேன். பட்டை தெரிந்தால்தானே? கடைப்பக்கம் அடுப்புப் புகையில் கரிந்து கிடந்தது. சாலைப்பக்கம் கறுப்பு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மிச்ச இடத்தில் தகரம், ஆணி, சர்பத் விளம்பரம். கைமுட்டியால் தட்டினேன், தொம்மென்றது. தகரத்தின் மேல் தட்டினால் எல்லாம் தொம்மென்றுதான் கேட்கும். தலைக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தால் நல்ல பட்டை இருந்தது. கடையின் பெஞ்சில் ஏறி நின்றால் எட்டியிருக்கும். பெஞ்சு கேட்க எனக்கு மனமில்லை.

அதற்குள் அக்கா ஒரு நீளமான துரட்டியை எடுத்து வந்து, தாழ்ந்த கிளை ஒன்றை மாட்டி இழுத்து, முழ நீளக் குச்சி ஒன்றை ஒடித்து என் கையில் கொடுத்தார்.

"நீங்களே பாருங்க டீச்சர். முனையப் பாருங்க, எப்படிக் குண்டு குண்டா இருக்கு."

நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, கண்ணை அதன் மேல் ஓட்டினேன். "வீட்டுக்குப் போயி நிதானமா பாக்குறேன்க்கா" என்று பைக்குள் செருகிக்கொண்டேன். நோட்டில் எழுதினேன், 'எண் 17. பட்டுப்போன மரம். அகற்றலாம்.' இனம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். பெயர்கூடத் தெரியாத மரத்துக்கு நான் சாவு எழுதினேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்து பையைக் காலி செய்தபோது குச்சி கையில் வந்தது. எறிய மனமில்லாமல், டீச்சர் புத்தியில், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அடுப்புப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். அடுத்த நாள் பட்டியலைக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, நம்ம ஊருக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்தது பாக்கியம் என்று யாரோ எழுத, வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்து விழுந்தன. நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. காபிக்குப் பால் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், டம்ளரில் குச்சி துளிர்த்திருந்தது. ஐந்து மொட்டுகள். நுனியிலிருந்தது முழுசாகப் பிரிந்து, புதுச் செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் குட்டிக் குட்டி இலைகளாக விரிந்திருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் லென்ஸை எடுத்து வந்தேன். அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டிய எல்லாவற்றையும் அன்று பார்த்தேன். தடித்த குச்சி, இலை விழுந்த இடத்தில் கேடய வடிவில் பெரிய தழும்பு, தழும்புக்குள் ஐந்து புள்ளி, அதற்கு மேலே மொட்டு. சந்தன வேம்பு. கீழ்மலையில் காப்பித் தோட்டத்துக்கு நிழலுக்கு விடுகிற மரம். தையில் இலை கொட்டி, மாசியில் சிவப்பாகத் துளிர்க்கிற மரம். அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை.

வீட்டுக்காரர் வந்து பார்த்து, "நல்லா இருக்கே, எங்க பிடிச்ச?" என்றார்.

"சும்மா, ரோட்டுல கெடந்த குச்சி" என்றேன்.

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் ஒரு குச்சிக்காகப் பொய் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் எந்தப் பக்கம் போகப்போகிறேன் என்று. அன்று முழுக்க மனதுக்குள் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். ஒடித்த கிளை தன்னிடமிருக்கும் சத்தில் துளிர்க்கும், அதை வைத்து மரத்தைச் சொல்ல முடியாது என்றேன். ஒரு கிளை உயிரோடு இருந்தால் அடிமரம் நல்லா இருக்கிறது என்று ஆகுமா என்றேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பேசியிருந்தால் எழுந்து நிற்க வைத்திருப்பேன்.

சனிக்கிழமை வெட்டப் போகிறார்கள் என்று குழுவில் போட்டிருந்தார்கள். போக்குவரத்து ஒரு மணி நேரம் நிற்கும், பொறுத்துக்கொள்ளவும். புதன்கிழமை இன்ஜினியருக்குப் போன் செய்தேன். நிஜமாகவே சொல்லிவிடத்தான் செய்தேன்.

"சொல்லுங்க மேடம்."

"அந்தப் பதினேழாம் நம்பர்..."

"ஆமா மேடம், அதுதான் முதல்ல. உங்க ரிப்போர்ட் இல்லாட்டி இன்னும் பத்து வருசம் ஆனாலும் அந்த வளைவைத் தொட்டிருக்க முடியாது. ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

தொண்டை வரை வந்ததை மென்று விழுங்கினேன். தப்பு என்று சொன்னால் மற்ற பதினாறையும் சந்தேகப்படுவார்கள், குழுவில் அந்தக் கும்பிட்ட கைகளெல்லாம் என்ன ஆகும், பிள்ளைகள் காதுக்குப் போனால்? இப்படியே ஓடியது புத்தி. அக்காவின் கடை அந்த ஓட்டத்தில் எங்கேயும் வரவில்லை, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல சார். பெரிய மரம், ஜாக்கிரதையா வெட்டச் சொல்லுங்க" என்றேன்.

சனிக்கிழமை பழனியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. வெள்ளனே கிளம்பியிருந்தால் அந்த இடத்தைத் தாண்டியிருக்கலாம். பஸ் போய்ச் சரியாக அந்த வளைவில் நின்றது. மரம் விழுந்து கிடந்தது. இயந்திர ரம்பம் அடிமரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட இடம் புதுச் செங்கல் மாதிரி சிவந்து ஈரமாகப் பளபளத்தது. வாசனை ஜன்னல் வழியே பஸ்ஸுக்குள் வந்தது, சந்தனமும் இல்லாத, வேம்பும் இல்லாத ஒரு குளிர்ந்த வாசனை. சாலையில் கிடந்த உச்சிக் கிளைகளின் நுனியெல்லாம் சிவப்புத் துளிர்.

முன் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏலே, இதப் போயா செத்த மரம்னாய்ங்க? தண்ணி ஒழுகுது பாரு" என்றார்.

கண்டக்டர் சொன்னார். "யாரோ டீச்சர் பாத்து எழுதிக் குடுத்ததாம்ப்பா. படிச்சவங்க, தெரியாமலா எழுதுவாங்க?"

அக்கா எதிர்ப்பக்கத்தில் பிஸ்கட் பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. உடையாமல் வைப்பதில் மட்டும் கவனமாக இருந்தார். நான் குளிருகிற மாதிரி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பஸ் நகர அரை மணி நேரம் ஆனது. பழனியில் பிள்ளை காது குத்தும்போது வீறிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் வேரையும் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள். வளைவு அகலமானது, நன்றாகவே இருக்கிறது. டம்ளரில் இருந்த கிளை சில நாளில் வாடித் தலை தொங்கியது. அதைக் குப்பையில் போட்டபோது எனக்கு ஒரு கேவலமான நிம்மதி வந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

அக்கா பெருமாள்மலைக்கு வந்துவிட்டார். பஸ் நிற்கிற இடத்தில், ஒரு குடையை விரித்து வைத்துக்கொண்டு, அவித்த சோளமும் கடலையும் விற்கிறார். நான் ஓய்வு பெற்றேன். பெருமாள்மலையில் இறங்க வேண்டிய சோலி வந்தால் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருவேன். இப்படி இரண்டு வருடம் ஓடியது. போன மாசியில் மழை வந்து, ஒதுங்குவதற்கு ஓடியவள் நேராக அந்தக் குடைக்குள்ளேயே போய் நின்றேன்.

"டீச்சர்! வாங்க, வாங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவரோ என்னைப் பார்த்ததில் சந்தோஷமாக இருந்தார்.

"அன்னைக்கு உங்கள எதுத்துப் பேசிப்புட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. அம்புட்டு வருசம் அது அடியிலயே கெடந்தும் அது செத்தது எனக்குத் தெரியலையே. துளுக்குமின்னு கண்ணால பாத்த மாதிரில்ல சொன்னேன்? வருசா வருசம் துளுத்துச்சா, நாந்தான் அப்படி நெனச்சுக்கிட்டேனான்னே இப்பச் சந்தேகமாக் கெடக்கு."

பிறகு தலைக்கு மேலே காட்டினார். குடைக்குப் பின்னால் ஒரு கல்யாண முருங்கை, இலையே இல்லாமல் நின்றது. "நல்ல நேரத்துல வந்தீங்க. இது உசுரோட இருக்குதா டீச்சர்? கெளை ஏதும் மேல விழுந்துருமோன்னு பயமா இருக்கு. எனக்கு மரமே தெரிய மாட்டேங்குது, நீங்க பாத்துச் சொன்னாச் சரி."

கடை போனதை நான் அறிவேன். இது போனது எனக்குத் தெரியாது. ஆடலூர்க் காப்பித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண், எந்தக் குழந்தைக்கும் தெரிகிற கல்யாண முருங்கையைக் காட்டி, உயிர் இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறார். மழையிலேயே இறங்கிப் போய்ப் பட்டையை நகத்தால் கீறினேன். பச்சை, ஈரம். முள்ளுக்கு நடுவில் மொட்டுகள் முட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து சொன்னேன்.

"இது உயிரோட இருக்குக்கா. அதுவும் உயிரோடதான் இருந்துச்சு. நீங்க சொன்னதுதான் சரி. வருசா வருசம் துளுத்தது நிஜம். நான்தான் சரியாப் பாக்காம எழுதிட்டேன். நீங்க குடுத்த குச்சி எங்க வீட்டு டம்ளர்ல துளுத்துச்சு, நான் பாத்தேன்."

அக்கா சோளத்தைக் கிளறுவதை நிறுத்தினார். குடையின் விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பப் பாத்தீங்க டீச்சர்? வெட்டுறதுக்கு முன்னையா, பின்னையா?"

சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பின்னாடிதான்க்கா" என்றேன்.

அவர் தோள் இறங்கியது. பெருமூச்சு விட்டார். "அப்ப நீங்க என்ன செய்வீங்க, பாவம். தெரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டீங்களா?" என்றார். ஒரு சோளத்தை எடுத்து உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, என் கையில் கொடுத்தார். "என் கண்ணு நல்லாத்தான் இருந்துருக்கு, என்னங்க டீச்சர்?" என்று சிரித்தார். ஆமாக்கா என்றேன். சோளத்தை முழுசாகத் தின்றேன்.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்று தெரியும். சோளம் சுற்றிக் கொடுக்கிற பழைய தாள்களை, கூட்டமில்லாத நேரத்தில் அவர் படித்துக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இந்தத் தாளும் ஒருநாள் அவர் கைக்குப் போகலாம்.

முன்னாடி, அக்கா. ஐந்து நாள் முன்னாடி.